பாதிக் கணையமும் கிடா வேண்டுதலும்

ஒருவரைக் காப்பாற்றுகிறவன் அவர் கண்ணுக்கு நல்லவனாகவும் தெரிய வேண்டுமா? சிந்தனையாளர்கள் இதற்கு நீளமான பதில்கள் எழுதியிருக்கக்கூடும். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த நல்லகாமனுக்கு அவற்றைப் படிக்க நேரமில்லை. அவனுடைய ஒரு கையில் டிக்கெட் கட்டு இருந்தது, மறு கையில் அவனுடைய அய்யாவின் கஞ்சித் தூக்கு இருந்தது. அவனை உயர்ந்த மனிதன் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. மீதிச் சில்லறை கொடுப்பதில் அவன் மற்ற கண்டக்டர்களைப் போலத்தான். ஆனாலும் அந்தக் கேள்வி அவன் வாழ்க்கையில் பஸ்ஸோடு பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

அவனுடைய அய்யா முத்திருளன் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயி. மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கு இருந்த புகழ் விவசாயத்தால் வந்ததல்ல. சுற்றுவட்டாரத்தில் எங்கே கிடா வெட்டினாலும் கறிக்கு உப்புப் பார்ப்பவர் அவர்தான். முதல் அகப்பைக் குழம்பு அவர் உள்ளங்கையில் விழும். ஒரு அகப்பையில் உப்புப் பிடிபடாது என்பார். இரண்டாவதில் குழம்பின் உப்புத் தெரிகிறது, கறியின் உப்புத் தெரியவில்லை என்பார். எலும்பிலும் உப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது கடைசிச் சோதனை. பந்தி உட்காருவதற்குள் அண்டா கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் தலையாட்டாமல் இலை போட மாட்டார்கள்.

எண்பத்திரண்டாம் வருடம் ஐப்பசியில் அவர் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உடம்பும் மஞ்சளாகி, வேட்டியிலும் மஞ்சள் ஏறிய பிறகு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணையத்தின் தலையில் கட்டி என்றார் டாக்டர். அதையும், இரைப்பையில் ஒரு பகுதியையும், சுற்றியிருப்பதில் சிலவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் சொந்தபந்தம் கூடியிருந்தது. அவர்கள் ஆட்டின் உள்ளுறுப்பு ஒன்றையும் தெரியாமல் வளர்ந்தவர்கள் அல்லர். ஆகவே இந்தப் புது உறுப்பு அவர்களுக்கு அவமானமாக இருந்தது.

"ஈரல் தெரியும், சொவரொட்டி தெரியும், கொடல் தெரியும். கணையம்னா எது? அதுக்குத் தல வேற இருக்காமுல்ல?" என்று கேட்டாள் முத்திருளனின் தங்கை அழகம்மாள்.

கறிக்கடை வீரணன்தான் அங்கே நிபுணன். "இருக்கும்த்தா. கொடலுக்குப் பக்கத்துல கொழுப்போட கொழுப்பா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அத யாரும் பேர் சொல்லிக் கேட்டதில்ல. நாய்க்குப் போட்டுருவோம்."

"நாய்க்குப் போடுற சாமானுக்கா எங்கண்ணன் வயித்தக் கிழிக்கிறாக?"

அறுவைச் சிகிச்சை காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை நீண்டது. அந்த ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஆளாளுக்குத் தங்கள் சாமிக்கு வேண்டிக்கொள்வார்கள். மனசுக்குள் வேண்டினால் கணக்கில்லை. நாலு பேர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சேவல் என்றார். அடுத்தவர் சேவலோடு நிற்கவில்லை, கிடா என்றார். சாயங்காலத்துக்குள் வேப்பமரத்தடி ஏலக்கடை போல ஆகிவிட்டது. எல்லா வேண்டுதலும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது: முத்திருளன் பிழைத்துவந்து எங்கள் கிடாவைத் தின்ன வேண்டும். கடைசியாக அழகம்மாள் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு கத்தினாள். "கருப்பா! எங்கண்ணன் எந்திரிச்சு வந்தா, ஒன் வாசல்ல கிடா வெட்டி மொத ஈரல அவருதான் திங்கணும். திங்காம நான் விடமாட்டேன்!"

அவர் பிழைத்தார். டாக்டர் நல்லகாமனைத் தனியே அழைத்தார். ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். முதல் வாயோடு மாத்திரை. எண்ணெய், கொழுப்பு கிட்டவே வரக் கூடாது. இதெல்லாம் ஒரு மாதத்துக்கா என்று கேட்டான். டாக்டர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

வெளியே ஒன்பது கிடாக்கள் காத்திருந்தன.

நல்லகாமன் அய்யாவை விளாங்குடியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே கூட்டிவந்தான். காலையில் எழுந்ததும் அவனுக்கு ரசாயன வேலை. மூத்திரத்தில் சர்க்கரை பார்க்க ஒரு நீலத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சில சொட்டுகள் கலந்து காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, சுமார். செங்கல் நிறம் வந்தால் ஆஸ்பத்திரி.

"இன்னைக்கு என்ன கலரு?" என்று பாயிலிருந்தே கேட்பார் முத்திருளன்.

"பச்ச."

"பச்சைக்கு வண்டிய விடலாம்ல? ஒரு வடை?"

"அது ரோட்டுல. இது வயித்துல."

அவன் வேலைக்குப் போனபின் அவர் டீக்கடைப் பக்கம் நடந்துபோய், எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே நின்று வேடிக்கை பார்ப்பதாகச் செய்தி வந்தது. ஒருநாள் அவர் துண்டில் எண்ணெய் வாசம் அடித்தது. அன்றிலிருந்து நல்லகாமன் அவரைத் தன்னோடு பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டான். பின்பக்கம் நீள சீட்டின் ஓரம் அவர் இடம். அவருக்கும் டிக்கெட் கிழித்தான். இதில் நியாயத்தைவிட, செக்கிங் இன்ஸ்பெக்டர் பயம் அதிகம் என்று நினைக்கிறேன்.

அதன்பின் அவருடைய சாப்பாடு கடிகாரத்தால் நடக்கவில்லை, பஸ் ஸ்டாப்புகளால் நடந்தது. பழங்காநத்தத்தில் மாத்திரை, உடனே இட்லி. திருநகரில் கஞ்சி. கப்பலூரில் வெண்ணெய் எடுத்த மோர். பஸ் தாமதமானால் அவருக்குப் பசித்தது. சீக்கிரம் போனால் வயிறு முட்டியது.

"மாப்ள, நான் ஓட்டுறது பஸ்ஸா, பத்தியச் சாப்பாட்டுக் கடையா?" என்றான் டிரைவர் கருத்தக்கண்ணன்.

"ரெண்டும்தான். பள்ளத்துல எறக்காத, மோர் சிந்துது."

நல்லகாமன் முன்படிக்குப் போனால் பயணிகள் காவலை எடுத்துக்கொண்டார்கள். "கண்டக்டரண்ணே! ஒங்கய்யா முறுக்குக்காரியக் கூப்புடுறாரு!" என்று பூக்காரப் பெண்களின் குரல் வரும். அவன் விசில் ஊதியபடியே பின்னால் ஓடுவான். புதிதாக ஏறிய ஒருவர் முத்திருளனிடம், "பெருசு, எங்க எறங்கணும்?" என்று கேட்டார்.

"அது என் மகனுக்குத்தான் தெரியும். ஏத்திவிட்டு மூணு மாசமாச்சு."

உடம்பு மெல்லத் தேறியது. கன்னத்தில் ஒட்டியிருந்த தோல் கொஞ்சம் விலகியது. உடனே சொந்தக்காரர்கள் தத்தம் கிடாக்களின் கயிற்றை அவிழ்த்தார்கள்.

முதல் கிடா அலங்காநல்லூர் பக்கம் ஒரு பங்காளி வீட்டில். இலையில் கறி விழுவதற்கு முன்பே நல்லகாமன் குறுக்கே கையை நீட்டி, தூக்கைத் திறந்து இட்லியை வைத்தான். முத்திருளன் எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்துக்கங்கப்பா! தின்னுட்டே சாகுறேன்னு சொல்றேன், விடுறானா? பெத்தவன் வாயக் கட்டி வச்சிருக்கான் பாவிப் பய!"

பந்தி முழுவதும் அவன்மேல் பாய்ந்தது. "ஏப்பா, எமனுக்கே நீதான் டிக்கெட் கிழிக்கிறவனா? ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரும்?" "சம்பாத்தியத்த மிச்சம் பிடிக்கிறான்டா!" நல்லகாமன், அய்யா இட்லியைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். அடுத்த கிடாவிலும் இதே கூத்து, அதற்கடுத்ததிலும். சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு அப்பனைப் பட்டினி போடுகிறவன் என்ற பெயர் நிலைத்தது. அவன் தெருவில் நடந்தால் பிள்ளைகளுக்கு அவனைக் காட்டிப் புத்தி சொன்னார்கள்.

இதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கே சலித்துவிட்டது. அடுத்த பரிசோதனையில் டாக்டர், கொழுப்பில்லாத கறி ஒன்றிரண்டு துண்டு வேகவைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நல்லகாமன் தொடைக்கறி வாங்கி, நார் நாராக வேகவைத்து, மிளகு தூவி, அய்யா முன்னால் வைத்தான்.

முத்திருளன் தட்டைப் பார்த்தார். "யாரு கடக் கறி?"

"வீரணன் கடை."

"அவன் கத்திய ஒழுங்காத் தீட்ட மாட்டான்."

"வெந்துருச்சு அய்யா. சாப்புடுங்க."

"இன்னைக்கு அமாவாசையா?"

"இல்ல."

அவர் நெற்றியில் வேர்த்தது. "கதவச் சாத்து" என்றார். சாத்தினான். தட்டை ஒரு விரலால் தள்ளினார். "கப்பலூர்ல நீ டிக்கெட் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தப்ப ஒரு பஜ்ஜியத் தின்னுட்டேன்டா. அன்னைக்கு ராத்திரி உள்ள இருக்குற தையல யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. ஒன்ன எழுப்பக்கூட முடியல. செத்துட்டேன்னே நெனச்சேன். கொழுப்போ கறியோ, இன்னொரு வாட்டி உள்ள போச்சுன்னா தையல் பிரிஞ்சுரும். எனக்குத் தெரியும்."

டாக்டர் சொன்னதை நல்லகாமன் திரும்பச் சொன்னான். அவர் கேட்கவில்லை. தையல் அவருடையது, டாக்டருடையதல்ல.

"பெறகு எதுக்குப் பந்தியில அந்தக் கத்துக் கத்துறீக? என்னய ஊரே காறித் துப்புது."

"உப்புப் பாத்த முத்திருளன் கறியக் கண்டு பயந்துட்டான்னு பேசச் சொல்றியா? நீ விடலைன்னா அது ஒன் கொற. நான் பயந்தா அது என் கொறைடா."

நல்லகாமன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு அந்தக் கறியைத் தானே எடுத்துத் தின்றான். "சரி. அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமா வையிங்க. போன தடவ கடைசிப் பந்திக்குக் கேக்கல" என்றான்.

தந்தைக்கும் மகனுக்கும் நடுவே இதைவிடச் சுருக்கமான உடன்படிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை. அதன்பின் வந்த கிடாக்களில் இருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

கடைசியில் அழகம்மாளின் கிடா மட்டும் நின்றது. வேண்டிக்கொண்ட அன்று குட்டியாக இருந்தது, இப்போது ஆளை முட்டித் தள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எண்பத்தைந்து மாசியில் அவள் விளாங்குடிக்கு வந்தாள். அவளுடைய மகள் அன்னக்கொடியை நல்லகாமனுக்குக் கட்டிக்கொடுப்பது எப்போதோ பேசி முடித்த விஷயம். அத்தை மகள், முறைப்பெண். அவனுக்கும் அவள்மேல் ஆசை. பஸ் திருமங்கலத்தில் நுழையும்போது அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வதை வைத்துக் கருத்தக்கண்ணன் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறான்.

"மத்தவுகளுக்கு இட்லியக் காட்டி ஏச்சுப்புட்ட, மருமகனே" என்றாள் அழகம்மாள். "எங்கிட்ட நடக்காது. அந்த உசுரு நான் கருப்புகிட்டக் கேட்டு வாங்குன உசுரு. சொன்னதச் செய்யலைன்னா குடுத்தவன் திரும்பக் கேப்பான். எங்கண்ணன் ஈரலத் திங்கணும். நீ பந்தியில அவருக்குப் பக்கத்துல கம்முனு இருக்கணும், ஒரு வார்த்த வரப்படாது. இருந்தா வைகாசியில கல்யாணம். இல்லைன்னா ஒனக்குப் பொண்ணு கெடையாது."

உள்ளறையில் முத்திருளன் இருமினார். தங்கையிடம் பயத்தைச் சொல்வதைவிட அவர் தையல் பிரிந்து சாவதையே தேர்ந்தெடுப்பார் என்பது நல்லகாமனுக்குத் தெரியும். "சரி அத்தே" என்றான்.

மறுநாள் திருமங்கலத்தில் அன்னக்கொடி பஸ் ஏறினாள். அய்யா அன்று காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தார். காய்ச்சல் இருக்கவில்லை.

"கப்பலூர் ஒண்ணு" என்று காசை நீட்டியவள், குரலைத் தாழ்த்தினாள். "மச்சான், ஈரல் சுடப்போறது நாந்தான். சேனைக்கெழங்க வேகவச்சு, மொளகும் உப்பும் தேச்சுத் தணல்ல வாட்டுனா வீரணனுக்கே வித்தியாசம் தெரியாது. நேத்து எங்காத்தாவுக்கே குடுத்துப் பாத்தேன். ‘ஈரல் கொஞ்சம் முத்தல்’னுட்டா."

"நிசமான ஈரல்?"

"அத நான் தின்னுக்குவேன். வீணாக்க முடியுமா?"

"அய்யாட்ட மட்டும் சொல்லிருவோம்."

"மாமாகிட்டயா? அவுக வயித்துல சோறு தங்குனாலும் தங்கும், சேதி தங்காது. தின்னு முடிச்சதும் கெழங்குன்னு சிரிச்சுப்புடுவாக. எங்காத்தா பெறகு ரெண்டு பேரையும் சுட்டுருவா."

"சாமி?"

"சாமி கேட்டது கிடா. அத வெட்டப்போறோம். ஈரல் கேட்டது எங்காத்தா." கப்பலூர் வந்தது. அவள் எழுந்தாள். "நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இரு. அம்புட்டுதான்."

சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று ஞானிகள் சொல்கிறார்கள். கிடா விருந்துப் பந்தியில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்களா என்பது தெரியவில்லை.

கிடா வெட்டும் நாளன்று இருவரும் பஸ்ஸில் போனார்கள். அன்று நல்லகாமனுக்கு லீவு, பயணியாக உட்கார்ந்திருந்தான். தனக்கன்குளம் தாண்டியதும் முத்திருளன் கேட்டார், "டேய், இன்னைக்கும் நீ தடுத்துருவேல்ல?"

நல்லகாமன் ஜன்னல் வழியே பார்த்தான். "பாப்போம் அய்யா."

கோயில் போய்ச் சேரும்வரை அவர் உள்ளங்கையை வயிற்றுத் தையல்மேல் வைத்திருந்தார்.

முதல் பந்தியில் நடுவே அவரை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நல்லகாமன். எதிரே அன்னக்கொடி, கையில் கரண்டியோடு, பூனைபோல் சாதுவாக நின்றாள். அழகம்மாள் தானே வந்து கருகிய அந்தத் துண்டை அண்ணன் இலையில் வைத்தாள். எல்லாரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

முத்திருளன் வழக்கம்போலத் தொடங்கினார். "எனக்கென்ன தாயி, தின்னுருவேன். என் மகன் விடணுமே!"

நல்லகாமன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடமாட்டான்! எனக்குத் தெரியும். எம்புட்டுச் சொன்னாலும் விடமாட்டான்!"

"இன்னைக்குக் கண்டக்டரு விசிலத் தொலைச்சுட்டான்டோய்!" என்று யாரோ சொல்ல, பந்தி சிரித்தது. முத்திருளன் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார். அப்புறம் கரண்டியோடு நின்ற அன்னக்கொடியைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணக்கு நடந்து முடிந்ததுபோல இருந்தது.

"வைகாசி நல்ல மாசந்தான்" என்றார் மெதுவாக.

மகனின் சட்டைப்பையில் தானே கைவிட்டு மாத்திரையை எடுத்து விழுங்கினார். வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். கருகிய துண்டைக் கையில் எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை உதட்டருகே கொண்டுபோனார்.

சாகத் துணிந்து மூடியிருந்த அந்தக் கண்களைப் பார்த்த நல்லகாமன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். துண்டைப் பிடுங்கினான். தன் வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினான். பிறகு தூக்கைத் திறந்து அய்யா இலையில் இட்லியை வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்பன் வாயிலருந்து பிடுங்கித் திங்கிறான்யா!" பந்தியே எழுந்துவிட்டது. அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு மண்ணை வாரித் தூற்றினாள். "ஒனக்கு எம்பொண்ணு இல்லடா! இந்தக் கருப்பு சாட்சி!" ஒரு கிழவர் மட்டும், அவன் பேசாமல்தானே இருந்தான், சொன்ன சொல்லில் நின்றுவிட்டானே என்று வழக்குப் பேசப் பார்த்தார். அவர் இலையில் குழம்பு ஊற்றாமல் போய்விட்டார்கள். முத்திருளனுக்கு அன்று வையச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தார், இட்லியைப் பார்த்தார், பிட்டுத் தின்றார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றவனிடம் அன்னக்கொடி மூச்சிரைக்க வந்தாள். முத்திருளன் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"அது கெழங்குன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"நான் சுட்ட அதே துண்டுதான்னு பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"பெறகு என்ன எழவுக்கு அப்படிச் செஞ்ச?"

அவன் சாலையைப் பார்த்தான். அந்த வைகாசியில் கல்யாணம் நடக்கவில்லை. மறு வருடம் ஆவணியில், வேறு எவனையும் கட்டமாட்டேன் என்று அன்னக்கொடி அடம்பிடித்துச் சாப்பிடாமல் கிடந்து, அழகம்மாள் ஊரைத் திட்டிக்கொண்டே சம்மதித்த பிறகு நடந்தது. அதற்குப் பிறகும் கோபம் வந்த போதெல்லாம், கோபம் இல்லாத போதும், அன்னக்கொடி அந்தக் கேள்வியைக் கேட்டாள். நல்லகாமன் அவளுக்குச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் செய்ததெல்லாம், பஸ் வந்து நின்றதும் அய்யாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, கிழங்கு என்று அவரிடமும் சொல்லாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுதான்.